பிடி அரிசியும் கஜானாவும்

கதை எழுதுகிறவனுக்குச் சர்க்காரின் வரவு செலவுக் கணக்கில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வறண்ட காட்டைப் பற்றி எழுதுகிறவன் அதைப் படித்தே தீரவேண்டும் என்பது என் கட்சி. குண்டாற்றில் தண்ணீரைவிட மணலையே அதிகம் பார்த்த சீமை இது. மழை பொய்த்தால் கம்பும் பருத்தியும் பொய்க்கும். அடுத்தபடியாகப் பள்ளிக்கூடத்துப் பலகையில் இடம் காலியாகும்.

பிள்ளைகளுக்கு ஊரே செய்துவிடாதா என்றால், செய்துதான் இருக்கிறது. விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலையை நாடார் சமூகத்தார் வளர்த்தது மகமைப் பணத்தாலும் வீடு வீடாகத் திரட்டிய பிடி அரிசியாலும்தான். உலை வைக்கும் பெண் ஒரு பிடி அரிசியைப் பள்ளிக்கென்று ஒதுக்கி வைப்பாள். அங்கே படித்தவர் காமராஜர். ஆனால் சம்பளம் கேட்காத அந்தப் பள்ளியிலும், தகப்பனை இழந்த அந்தப் பையனின் படிப்பு ஆறாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. தர்மத்தின் கை அவ்வளவு தூரந்தான் நீளும்.

சர்க்கார் பணத்துக்கு வேறு வகை ஆபத்து உண்டு. 1920-இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி தரத் தீர்மானித்தது. பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது பரவிற்று. பிள்ளைகள் பெருகினார்கள். 1925-இல் நின்றுபோயிற்று. சமையலில் குறை ஒன்றுமில்லை. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்கலாகாது என்று வெள்ளைக்கார சர்க்கார் ஆட்சேபித்தது. பருப்பும் அரிசியும் தவறான தலைப்பில் எழுதப்பட்டுவிட்டன, அவ்வளவுதான்!

1956-இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியபோது, நிதியும் கல்வியும் சி. சுப்பிரமணியம் என்ற ஒரே மந்திரியின் கையில் இருந்தது நல்ல காலம். கல்வித் துறையில் நெ. து. சுந்தரவடிவேலு இருந்தார். பத்துக் காசுச் சாப்பாட்டில் 6 காசு சர்க்கார் தரும், 4 காசு ஊர் தரவேண்டும் என்று ஏற்பாடு. பிடி அரிசியும் கஜானாவும் ஒரே பானையில் வெந்தன என்று சொல்லலாம். தஞ்சாவூர்ப் பக்கம் அந்த 4 காசு பெரிய காரியமில்லை. எங்கள் காட்டிலோ, பிள்ளைக்குச் சோறு மிகவும் தேவைப்படுகிற பஞ்ச வருஷத்தில்தான் ஊராரிடம் 4 காசு இராது. அந்தக் கணக்கு போட்டவர்களைக் குறை சொல்லவில்லை. அன்றைய கஜானாவில் இருந்தது அவ்வளவுதான். ஆனால் கணக்கில் ஓட்டை இருந்தது உண்மை.

அதை அடைத்தது 1982. ஐந்து வருஷத்துக்கு முன் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதன்முறையாக முதலமைச்சரான எம்.ஜி.ஆர்., அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கினார். ஊர்ப் பங்கு என்று காத்திருக்கவில்லை. ஓட்டுக்காகச் செய்கிறார், கஜானா காலியாகும் என்று படித்தவர்கள் பலர் பேசினார்கள். ஓட்டுக்காகவே இருக்கட்டுமே, ஓட்டுப் போட்ட தாய் எதற்காகப் போட்டாள்? 2001-இல் சமைத்த உணவை எல்லா மாநிலங்களும் தரவேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டபோது, இங்கே அது பழைய வழக்கமாகியிருந்தது.

காலைச் சாப்பாடு 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் வரவு செலவுத் திட்டத்தைச் சட்டசபையில் படித்தவர் திருச்சுழித் தொகுதி உறுப்பினரான நிதி மந்திரி தங்கம் தென்னரசு. கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் காலை உணவு என்ற வரி அதில் இருந்தது. காமராஜர் பிறந்த நாளான ஜூலை 15-இல் அது நடைமுறைக்கு வந்தது. நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கான வரி 2025 மார்ச்சில்தான் வந்தது. சோறு ஆகஸ்டு 26-இல். திருச்சுழிப் பக்கத்துக் கிராமப் பிள்ளைக்கும் அருப்புக்கோட்டை நெசவாளித் தெருப் பிள்ளைக்கும் நடுவே கொஞ்ச நேரப் பஸ் பயணம். காலைப் பசியில் ஒரு வருஷத்துக்கு மேல் வித்தியாசம்.