ஒண்டுக்குடியும் அடுக்களை வருவாயும்

தம் வீட்டில் ஒரு பகுதியைப் பிறருக்குக் குடிக்கூலிக்கு விட்டு, வேண்டுமாயின் அவருக்குச் சோறும் சமைத்திட்டு, அவ்வருவாயால் குடும்பத்தின் குறையை நிரப்பிக்கொள்வது உழைப்பாளர் இல்லங்களில் நெடுங்கால வழக்கமாகும். இதனை நம்மவர் ஒண்டுக்குடித்தனம் என்பர். அரசர் சரித்திரமும் ஆலய சரித்திரமும் எழுதுவோர் பலர். இதனை எழுதுவோர் அரியர். ஆகவே திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தை அடுத்த பகுதியில் இவ்வழக்கத்துக்கு நேர்ந்த வளர்ச்சியை நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

கார்த்திகைத் தீபத்துக்கு வரும் ஜனத்திரளை ஏற்க இவ்வூரில் சத்திரங்கள் பல எழுந்தன. அவற்றுட் பல இன்ன ஜாதியாருக்கென்றே கட்டப்பட்டவை. அங்கே இடம் பெறாதவர்களுக்கும், சில நாட்களுக்கு மேல் தங்க வேண்டியவர்களுக்கும் பிறர் வீட்டுத் திண்ணையும் தாழ்வாரமுமே கதி. ஆயினும் அது திருவிழாவோடு முடியும் வருவாய்.

ஆண்டு முழுதும் தங்குவோர் இப்பகுதிக்கு வந்தது ரமண மகரிஷிகளை முன்னிட்டே. 1896 செப்டம்பர் 1-ல் இவ்வூர் வந்த அவர், பல்லாண்டு விரூபாக்ஷ குகையிலும் ஸ்கந்தாசிரமத்திலும் மலைமேல் வசித்தார். 1922-ல் தாயார் அழகம்மாள் காலமான பின்னரே மலையடிவாரத்தில் இவ்வாசிரமம் உண்டாயிற்று. அவ்வம்மையாரும் 1916-ல் மகனிடம் வந்தபோது, முதலில் எச்சம்மாள் என்னும் பக்தையின் இல்லத்திலேயே தங்கினார் என்பது நினைக்கத்தக்கது. 1934-ல் பால் பிரண்டன் என்னும் ஆங்கிலேயரின் நூல் வெளிவரவே, கடல் கடந்தும் அன்பர் வரலாயினர்.

ஆசிரமத்தில் ஒரு விதி இருந்தது: ஸ்திரீகள் இரவில் அங்கே தங்கலாகாது. அவ்விதி தக்கதா தகாததா என்னும் வாதம் நிற்க. பகலெல்லாம் சந்நிதியில் இருந்தவர்கள் அந்தி சாயுமுன் வெளியே ஒரு கூரையைத் தேடவேண்டியதாயிற்று என்பதே இங்கு நமக்கு வேண்டுவது. 1941-ல் வந்த சூரி நாகம்மாளும் வெளியே வீடெடுத்தே வசித்தார். அவர் தம் தமையனாருக்குத் தெலுங்கில் வரைந்த கடிதங்கள் பின்னர் நூலாகிப் புகழ்பெற்றன. தனித்த பெண்ணுக்குக் கூரை மட்டும் போதாது; இரவில் கூப்பிட்ட குரலுக்கு ஏனென்று கேட்க அடுத்த அறையில் ஒரு குடும்பம் இருத்தல் வேண்டும். குடியிருக்கும் வீடே இதைத் தரவல்லது; சத்திரம் தராது.

இனி, இடங்கொடுக்கும் வீட்டைப் பாருங்கள். சிறிய வீட்டில் முன்னறை விடப்பட்டால் குடும்பம் பின்கட்டில் ஒடுங்கும். நடுவே ஒரு தட்டியோ பழம்புடவையோ சுவராகும். புழக்கடை பொதுவாகும். கூடுதலாக ஒருவருக்குத் தண்ணீர் சுமப்பதும், உலை வைப்பதும், கூட்டி மெழுகுவதும் வீட்டுப் பெண்ணின் தலையில் விழும். கணவன் பெறும் கூலிக்குத் தொழில் என்று பெயர். இவளது உழைப்புக்கோ ‘ஒத்தாசை’ என்று பெயர்! ஓலை மாற்றியதும் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கியதும் எந்தக் காசில் என்று கேட்டால் தெரியும்.

அரசாங்கக் கணக்கும் இவளைக் கண்டதில்லை. பிரிட்டனில் 1851 முதலே குடிமதிப்பில் ஒவ்வொருவரும் குடும்பத் தலைவருக்கு என்ன முறை என்று எழுதப்பட்டது. உணவோடு தங்குபவரும் இடம் மட்டும் கொள்பவரும் அதில் வேறு வேறாகக் குறிக்கப்பட்டனர். நம் நாட்டுக் குடிமதிப்போ, ஒரே அடுப்பில் உண்போரை ஒரு குடும்பம் என்று கொள்கிறது. ஆதலின் வீட்டுச் சோறு உண்ணும் ஒண்டுக்குடியினர் அக்குடும்பத்துள் அடங்குவர்; தனித்துச் சமைப்பவர் தனிக் குடும்பமாவர். இருவழியிலும் அச்சோற்றின் விலை மறைந்துபோகிறது. அமெரிக்காவில் ஹோம்ஸ்டெட் என்னும் எஃகாலை ஊரில் மார்கரெட் பையிங்டன் என்னும் மாது வீடுவீடாகச் சென்று ஆராய்ந்து 1910-ல் நூல் வெளியிட்டதனாலேயே, அங்கே குடியேறிய ஸ்லாவிய மனைவியர் தங்கியிருந்த ஆலையாட்களுக்கு ஆக்கிப்போட்டும் துவைத்தும் ஈட்டிய பொருள் வெளிப்பட்டது.

கசப்பான ஒன்றையும் சொல்லாது விடுவதற்கில்லை. 1955-ம் ஆண்டின் தீண்டாமைச் சட்டம் தர்மசாலைகளில் இடம் மறுப்பதைக் குற்றமாக்கிற்று. வீட்டு அறையை விடுமுன் ‘நீங்கள் என்ன ஆட்கள்?’ என்று கேட்கும் கேள்வியை அது நிறுத்தவில்லை. அயல்நாட்டாரிடம் ஜாதி கேளாமல் அறை விடும் வீடே, நம் நாட்டு ஏழை கூலியாளிடம் அதைக் கேட்கிறது. இதில் நம் சங்கத்தார் வீடுகள் விலக்கென்று நம்மால் கூற முடியவில்லை.

இக்காலத்தில் செங்கம் சாலையை ஒட்டிய தெருக்களில் மாடியறைகள் பெருகிவிட்டன. மார்கழி, தை மாதங்களில் மேனாட்டார் திரளாக வருகின்றனர். அவர்களுக்கு இடங்கொடுப்போர் 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்கு அறிவித்தல் வேண்டும். ஆகவே தங்குபவர் பெயர் இப்போது ஏட்டில் ஏறிவிடுகிறது. சமைத்தவள் பெயருக்கு அதில் இடமில்லை. பழைய குடிக்கூலிக் குறிப்பு, பால் கணக்கு, சுவரில் கரிக்கோடிட்ட சாப்பாட்டுக் கணக்கு முதலியன உங்கள் இல்லங்களில் இருப்பின், வெள்ளையடிக்குமுன் அவற்றைப் பிரதி செய்து சங்க நிலையத்துக்கு அனுப்பக் கோருகிறோம். பாட்டிமார் வாய்மொழியாயினும் எழுதியனுப்பலாம்.