சமையல் மேடைக் கல்

சமையலறையில் அடுப்பையும் சிங்க்கையும் தாங்கி, காய் நறுக்கவும் மாவு பிசையவும் இடம் தரும் கற்பலகை சமையல் மேடைக் கல். தமிழ்நாட்டில் கடப்பைக் கல், கிரானைட், மார்பிள் ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. பழைய மேடையைப் பெயர்த்துப் புதிது போடுவோர் பலர் கடப்பையிலிருந்து கிரானைட்டுக்கு மாறுகிறார்கள். காரணம் அழகு மட்டுமன்று.

ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியிலிருந்து வரும் கறுத்த பலகை உண்மையில் சுண்ணாம்புக் கல். மார்பிளும் அதே இனம். வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியது. இரண்டிலும் மிகுதியாக இருப்பது கால்சியம் கார்பனேட். தூத்துக்குடிக் கடலில் குளித்தெடுத்த முத்துக்கும் அதைச் சுமந்த சிப்பிக்கும் அதுவே மூலப்பொருள். காடியில் கிடக்கும் முத்து கரைவது போலவே, புளியோ எலுமிச்சைச் சாறோ சிந்திய கடப்பையும் மேற்பரப்பில் சற்றே கரைந்து பளபளப்பை இழக்கும். அந்த மங்கல் தடம் கறையன்று, அரிப்பு. எவ்வளவு தேய்த்தாலும் போகாது, மறுபடி பாலிஷ் போட்டாக வேண்டும். மீன்குழம்புக்கு அடிக்கடி புளி கரைக்கும் கடற்கரை வீட்டுக்கு இது சிறிய குறையன்று. வாங்குமுன் துண்டுக் கல்லில் எலுமிச்சைச் சாற்றைச் சில நிமிடம் விட்டுப் பார்த்தால் கல்லின் இனம் தெரிந்துவிடும்.

கிரானைட்டில் முதன்மையாக உள்ளவை குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும். மோஸ் அளவுகோலில் மார்பிளின் கடினம் ஏறக்குறைய 3. கிரானைட்டுக்கு 6 முதல் 7. புளி அதை அசைக்காது. ஆனால் எல்லாக் கிரானைட்டும் ஒன்றல்ல. மதுரை மாவட்டத்தின் மேலூர்ப் பக்கம் வெட்டப்பட்டும் ‘காஷ்மீர் ஒயிட்’ என்று விற்கப்படும் வெள்ளைக் கல் நீரையும் எண்ணெயையும் எளிதில் உறிஞ்சும்; மஞ்சள் கறை அதில் உடனே தெரியும். அதிலுள்ள இரும்பு கலந்த கனிமங்கள் ஈரத்தில் துருவேறிப் பழுப்புத் திட்டுகளும் விழலாம். அடர்ந்த கறுப்புக் கல்லில் இத்தொல்லை குறைவு. கறுப்பு என்று சாயமேற்றிய சாம்பல் கல்லும் கடைகளில் உண்டு. தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்தால் சாயம் துணியில் ஒட்டும்.

சீலர் என்பது கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி நீரையும் எண்ணெயையும் தடுக்கும் திரவம். அது கறையைத் தாமதப்படுத்துமே தவிர, சுண்ணாம்புக் கல்லை அமிலத்திலிருந்து காக்காது. நன்கு உலர்ந்த கல்லில் தடவி, டப்பாவில் குறித்த நேரம் ஊறவிட்டு, காயுமுன் மிச்சத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். இல்லையேல் மேலே படலம் படியும். பிறகு அவ்வப்போது சிறிது நீரைத் தெளித்துப் பத்து நிமிடம் விடலாம். அடியில் கல் கறுத்தால் சீலர் தேய்ந்துவிட்டது. நீரை ஏற்காத அடர்ந்த கல்லுக்குச் சீலரே வேண்டாம். அதற்குச் செலவழிப்பது வீண்.

உப்புநீர் காய்ந்து படியும் வெள்ளைத் தடத்தைப் போக்க ஆசிட் ஊற்றுவது பலரின் வழக்கம். அது கடப்பையைத் தின்னும். சில கிரானைட்டில் துருவையும் கிளப்பும். குழாயடியை அன்றன்று துடைத்து உலர்த்தினால் அந்தப் படிவு சேராது. சிங்க்குக்காக வெட்டிய ஓரம் பாலிஷ் இல்லாமல் திறந்து கிடப்பதால் மிகுதியாக நீர் குடிக்கும். சிங்க்கைப் பொருத்துமுன்பே அங்கும் பலகையின் அடிப்புறத்திலும் சீலர் தடவிவிட வேண்டும்.