மரிக்கார்: ஒரு பெயரும் பல கரைகளும்

இலங்கை முஸ்லிம்களின் பெயர்களுக்கு முன்னால் நிற்கும் முதலெழுத்துகளில் 'எம்' என்பதற்குத்தான் வேலை அதிகம். அது முஹம்மதாக இருக்கலாம், முஹிய்யித்தீனாக இருக்கலாம், மீரானாக இருக்கலாம். புத்தளம், கற்பிட்டி பக்கத்து ஆளென்றால் மரிக்காராகவும் இருக்கலாம். பாட்டனாரின் பெயரில் முழுமையாக நின்ற மரிக்கார், தகப்பனாரின் பெயரில் ஓர் எழுத்தாகச் சுருங்கி, பேரனின் பெயரில் இல்லாமலே போய்விடுகிறது. எங்கள் கரையோரக் குடும்பங்களில் இதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

பெயர் சுருங்கினாலும் அதைப் பற்றிய பெருமை சுருங்கவில்லை. "நாங்கள் மரிக்கார் வழி" என்று சொல்லிக்கொள்வோர் இன்றும் உளர். அரபு வம்சம், ஊரின் பூர்வீகக் குடி, மேலான குடும்பம் என்ற மூன்றையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்தச் சொல் இவ்வளவு பாரத்தையும் தாங்குமா என்பதே என் கேள்வி. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், மரிக்கார் என்ற பெயரை மட்டும் வைத்து ஒருவருடைய வம்சத்தை நிறுவ முடியாது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

சொல் எங்கிருந்து வந்தது?

மரைக்காயர், மரக்காயர், மரக்கார், மரைக்கார், மரிக்கார் என்பன ஒரே சொல்லின் வெவ்வேறு உச்சரிப்புகள். இதன் மூலம் பற்றி இரண்டு கருத்துகள் பிரபலமானவை. ஒன்று, கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் இதற்கொரு கதை உண்டு. முதன்முதலில் கரையிறங்கிய அரபிகளிடம் "நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டார்களாம். மொழி புரியாத அவர்கள் தங்கள் கப்பலைச் சுட்டி "மர்கப்" என்றார்களாம். அதுவே பெயராகிவிட்டதாம். மற்றது, மரக்கலம் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்பது. மரக்கலராயர் என்பதே மரைக்காயராயிற்று என்பர் இக்கருத்தினர்.

முதற் கருத்தை ஏற்றால் 'மர்கப்'பின் இறுதி ஒலி எங்கே போயிற்று என்று சொல்ல வேண்டும். இரண்டாவதை ஏற்றால் மரக்கலத்தின் 'ல' எங்கே போயிற்று என்று சொல்ல வேண்டும். ஆனால் இரண்டாவதன் பக்கம் ஒரு சான்று கூடுதலாக நிற்கிறது. கர்நாடகக் கரையில் மொகவீரர் என்றொரு மீனவ சமூகம் வாழ்கிறது. அவர்கள் இந்துக்கள். அரபிகளோடு இரத்த உறவு கொண்டாடாதவர்கள். அவர்களுக்கும் மரக்காலர் என்றொரு பெயர் உண்டு. ஆகவே இது மார்க்கத்தைப் பார்த்தோ இனத்தைப் பார்த்தோ இட்ட பெயரல்ல, தொழிலைப் பார்த்து இட்ட பெயர் என்று கொள்வதே பொருத்தம். எக்கருத்தை ஏற்றாலும் நாம் போய்ச் சேரும் இடம் கப்பல்தான்.

ஆங்கிலேயரிடையே ஸ்மித் என்றால் கொல்லர், பேக்கர் என்றால் ரொட்டி சுடுபவர். அத்தனை ஸ்மித்துகளும் ஒரே கொல்லனின் மக்கள் என்று அங்கே எவரும் நினைப்பதில்லை. ஊருக்கு ஒரு கொல்லன் இருந்தான், அவ்வளவே. நமது கரைகளிலும் ஊருக்கு ஊர் கப்பல்காரர் இருந்தனர்.

கடலில் நடந்தவை

புத்தளம் இக்கதைக்கு வெளியே இருந்த ஊரல்ல. 1344இல் இப்னு பதூதா வந்திறங்கிய 'பத்தாலா' புத்தளமே என்பது அறிஞர் பலரின் முடிவு. அங்கே அவர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். கரையில் குவிந்து கிடந்த கறுவாப்பட்டையைப் பார்த்தார். அம்மன்னனின் கப்பல்கள் பெரிதும் சிறிதுமாக நூறை மஃபர் கரையில், அதாவது எதிரே உள்ள தமிழகக் கரையில், தாம் கண்டதாகவும் எழுதினார். மரிக்கார் என்ற பெயர் அவருடைய குறிப்பில் இல்லை. ஆனால் அப்பெயர் விளையக்கூடிய கடல் வாழ்க்கை முழுவதும் அதில் இருக்கிறது.

அடுத்து வந்த போர்த்துக்கேயர் காலத்தில் அப்பெயர் இரத்தத்தில் தோய்ந்தது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சியில் அரிசி வாணிபம் செய்த மரக்கார்மார் சோழமண்டலக் கரையோடு தொடர்புடையவர்கள். முதலில் போர்த்துக்கேயரோடு சேர்ந்தே வியாபாரம் செய்தனர். பகை முற்றியபின் கோழிக்கோட்டு சாமூதிரியின் பக்கம் சேர்ந்து, குஞ்ஞாலி மரக்கார் என்ற பட்டத்தோடு நான்கு தலைமுறை கடற்போர் புரிந்தனர். கோட்டை மன்னன் புவனேகபாகுவுக்கு எதிராகச் சீதாவாக்கையின் மாயாதுன்னைக்கு உதவப் புறப்பட்ட மரக்கார்மாரின் கப்பற்படையைப் போர்த்துக்கேயர் 1538இல் வேதாளையில் முறியடித்தனர். வேதாளை, மண்டபத்துக்குப் பக்கத்தில், நமது கடலுக்கு நேர் எதிரே இருக்கும் ஊர். மறு ஆண்டு மாயாதுன்னை சமாதானத்தின் விலையாகத் தன்னிடம் வந்திருந்த மரக்கார் தளபதிகளைக் கொன்று தலைகளைப் போர்த்துக்கேயரிடம் ஒப்படைத்தான் என்று அவர்களது வரலாறுகள் கூறுகின்றன. 1600இல் நான்காம் குஞ்ஞாலியைச் சாமூதிரியே அவர்களிடம் விட்டுக்கொடுக்க, கோவாவில் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். நம்பிய மன்னர்களே இருமுறையும் காட்டிக்கொடுத்தனர் என்பது நோக்கத்தக்கது.

கடலில் ஆயுதம் தாழ்ந்த பின்னும் வாணிபம் நிற்கவில்லை. 'சீறாப்புராணம்' பாடிய உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி, செய்கு அப்துல் காதிர் மரைக்காயர் என்ற பெயர்கொண்ட கீழக்கரைக் கப்பல் வணிகரே. ஒல்லாந்தர் கற்பிட்டியில் 1667இல் தொடங்கிக் கோட்டை கட்டியதன் நோக்கங்களில் ஒன்று, இக்கரைக்கும் அக்கரைக்கும் இடையே நடந்த வாணிபத்தைக் கண்காணிப்பதாகும். புத்தளம் என்ற பெயரைப் புது அளம், அதாவது புதிய உப்பளம், என்று பிரித்துக் காட்டுவோர் உண்டு. உப்பு, முத்து, கறுவா, கருவாடு, துணி என்று எதை ஏற்றினாலும் தோணிக்காரர் தேவைப்பட்டனர்.

கரைக்குக் கரை மாறும் பொருள்

இன்று இப்பெயர் எங்கெங்கு வழங்குகிறது என்று பார்த்தால், ஓரிடத்துப் பொருள் மற்றோரிடத்தில் இல்லை என்பது தெளிவாகும்.

தமிழகத்தில் மரைக்காயர் என்பது ஒரு சமூகப் பிரிவின் பெயர். ராவுத்தர், லெப்பை, தக்னி என்ற பிரிவுகளோடு சேர்த்து எண்ணப்படுவது. கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை ஆகிய துறைமுக ஊர்களில் அவர்கள் அதிகம். அப்துல் கலாமின் தகப்பனார் ஜைனுலாப்தீன் மரைக்காயர் இராமேஸ்வரத்தில் தோணி வைத்திருந்தவர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்காலில் அது பத்திரங்களில் 'மரிக்கார்' என்று எழுதப்பட்டது. புதுச்சேரியின் முதலமைச்சராக இருந்த பாரூக் மரைக்காயர் அவ்வூர்க்காரரே. கேரளத்தில் அது பட்டத்தின் சாயலைப் பெற்றது.

பினாங்கில் அது வேறொரு கோலம் பூண்டது. 1801இல் அங்கே பள்ளிவாசல் எழுப்பிய கப்பித்தான் கெலிங், காதர் முகைதீன், சோழமண்டலக் கரையிலிருந்து போனவர். அவருடைய வழியினர் 'மெரிக்கன்' என்று தம் பெயரை எழுதுகின்றனர். மலாய் முஸ்லிம்கள் தகப்பன் பெயரைத் தம் பெயரோடு சேர்ப்பார்களே தவிர குடும்பப் பெயர் வைப்பதில்லை. அவர்களிடையே மெரிக்கன், மரிக்கான் என்பவை தலைமுறை தலைமுறையாக நிலைத்து நிற்கும் அபூர்வமான குடும்பப் பெயர்கள். பெட்ரோனாஸ் நிறுவனத்தை நெடுங்காலம் நடத்திய ஹசன் மரிக்கான் பெயரிலும் இருப்பது இதுவே. நமக்கு ஓர் எழுத்தாகத் தேய்ந்த பெயர், கடல் கடந்த அந்த மண்ணில் முழுமையாக நிற்கிறது.

இலங்கைக்குள்ளேயே இரண்டு வழக்குகள் உள. கிழக்கிலங்கையில் மரைக்காயர் என்பது பதவி. அங்கே குடி தாய்வழியாக வரும். ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு மரைக்காயர் இருப்பார். கோவில்களில் வண்ணக்கர் செய்யும் வேலையைப் பள்ளிவாசலில் மரைக்காயர் செய்கிறார். தகப்பனிடமிருந்து மகனுக்குச் செல்லும் பெயரென்று நாம் கருதுவது, அங்கே தாயின் குடியைச் சார்ந்து நிற்கிறது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் கிழக்கில் குடியேற்றினான். நாலாயிரம் பேர் என்று கணக்குச் சொல்லப்படுகிறது.

மேற்கிலும் தெற்கிலும் அது ஆளின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டிய வாப்பிச்சி மரிக்கார், ஸாஹிராக் கல்லூரியின் தோற்றத்திலும் பங்குகொண்டவர். காலியில் அது மாக்கார் என்று திரிந்தது. முதலாவது அரசாங்க சபையில் அமைச்சராக இருந்த மாக்கான் மாக்கார் இதற்கு உதாரணம். 1956இல் அமைச்சரான சி. ஏ. எஸ். மரிக்கார் மலைநாட்டுத் தொகுதியொன்றின் பிரதிநிதி. எங்கள் புத்தளத்தின் நெய்னா மரிக்கார் 1988இல் நிதியமைச்சரானார். இவர்கள் அனைவரும் ஒரே குடும்பத்தின் கிளைகள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அப்படிச் சொல்லத் தேவையுமில்லை.

பிறர் இட்ட பெயர்

இப்பெயருக்கு மற்றொரு முகமும் உண்டு. சிங்களத்தில் முஸ்லிம்கள் அனைவரையும் 'மரக்கல' என்று குறிப்பது பழைய வழக்கு. கப்பல் ஏறி வந்தவன் என்ற பொருளில் பிறந்த அச்சொல், காலப்போக்கில் இளக்காரமாகவும் ஒலிக்கத் தொடங்கியது. 1915 கலவரத்தைச் சிங்களவர் 'மரக்கல கோலாகலய' என்றே அழைத்தனர். வீட்டுக்குள் கௌரவமாயிருந்த சொல் தெருவில் வசையாயிற்று.

இதற்கு முன்பே நம் முன்னோர் தம் பூர்வீகத்தை நிறுவ வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டிருந்தனர். பொன்னம்பலம் இராமநாதன் 1885இல் சட்டசபையிலும் 1888இல் கட்டுரையாகவும், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு எழுதி அரபு மூலத்தை வலியுறுத்தினார். ஹாஷிம் குலத்தார் எட்டாம் நூற்றாண்டில் இங்கு வந்து குடியேறினர் என்று அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன் 1827இல் பதிவுசெய்த மரபு, அந்த வாதத்துக்குப் பெரிதும் பயன்பட்டது. அவர் குறித்த குடியேற்றங்களில் புத்தளமும் குதிரைமலையும் இருக்கின்றன. சட்டசபையில் தனி ஆசனம் வேண்டிய காலத்தில் அரபு மூலம் அரசியல் தேவையாக இருந்தது. அஸீஸின் நோக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தத் தேவைக்காக எழுப்பிய சுவரை, நமக்குள்ளேயே ஒருவரையொருவர் அளக்கும் கோலாக மாற்றிக்கொண்டது நம் பிழை.

இன்றைய புத்தளத்தில்

1990 ஒக்டோபரில் வடக்கு மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றினர். எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட அம்மக்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தனர். பலர் மன்னாரிலிருந்து தோணியில் வந்து கற்பிட்டியில் இறங்கினர். எங்கள் ஊர்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்து அவர்களை ஏற்றன. அது பெருமைக்குரியது. ஆனால் வருடங்கள் செல்ல, காணி, தொழில், பல்கலைக்கழக அனுமதி என்று நெருக்கடி வந்தபோது 'உள்ளூரார்', 'அகதி' என்ற இரு சொற்கள் ஊன்றிக்கொண்டன. போர் முடிந்து பலர் திரும்பிய பின்னும், இங்கேயே பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றவர்களைக்கூட அகதி என்று சொல்லும் வாய்கள் இருக்கின்றன. திருமணப் பேச்சின்போது "நாங்கள் பழைய மரிக்கார் குடும்பம்" என்ற பேச்சு எதற்காக எடுக்கப்படுகிறது என்பதை அறியாதவர் இல்லை.

தோணியில் வந்தவர் என்பதுதான் அப்பெயரின் பொருள். அதையே காட்டி, தோணியில் வந்த இன்னொருவரைத் தள்ளிவைக்கிறோம். கற்பிட்டிக் கரையில் 1990இல் இறங்கியவருக்கும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இறங்கியவருக்கும் இடையில் இருப்பது காலம் மட்டுமே. மன்னாரும் புத்தளமும் ஒரே கடலின் கரைகள். முத்துக்குளிப்புக் காலத்தில் இரு கரையாரும் ஒரே தோணியில் போனவர்கள்.

பெயர் அழிந்துபோகட்டும் என்று நான் சொல்லவில்லை. அதைப் பாதுகாக்க வேண்டும் என்றே சொல்கிறேன். பள்ளிவாசல்களின் பழைய காவின் புத்தகங்கள், கரையான் அரித்தவை போக எஞ்சியவை, இன்னும் சில பெட்டிகளில் கிடக்கின்றன. மையவாடிகளின் மீஸான் கற்களில் எழுத்து மங்கிவருகிறது. காணி உறுதிகளில் நான்கு தலைமுறையின் முழுப்பெயர்கள் உள்ளன. ஒவ்வோர் ஊரிலும் இரண்டு மூன்று இளைஞர் முன்வந்து இவற்றைப் படமெடுத்து, 'எம்' என்ற எழுத்தை விரித்து, முழுப்பெயராக எழுதிவைத்தால் நம் கரையோரத்தின் வரலாற்றுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. அப்படி எழுதும்போது 1990க்குப் பின் வந்தவர்களின் பெயர்களையும், அவர்கள் எந்தத் துறையிலிருந்து எந்தத் தோணியில் வந்தார்கள் என்பதையும் அதே ஏட்டில் எழுதுங்கள்.