உருளும் வீட்டில் யாருக்கு எங்கே படுக்கை?

என் நண்பன் போன வருடம் ஒரு பழைய டெலிவரி வேனை வாங்கினான். உயரமான கூரை, உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். அதைக் கேம்பர் வேனாக மாற்றி, கிழக்குக் கரையோரமாகத் திரெங்கானு வரைக்கும் குடும்பத்தோடு போக வேண்டும் என்பது அவன் ஆசை. நான் இயந்திரப் பொறியியல் படித்தவன் என்பதால் உள்ளமைப்பை வரையும் வேலை என் தலையில் விழுந்தது. "உனக்கு ஒரு ராத்திரி வேலைதானே மச்சான்" என்றான். மூன்று மாதம் ஆனது.

முன் இருக்கைகளுக்குப் பின்னால் 3.3 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம். நம் தாமான் வீடுகளில் மூன்றாவது அறை என்று சொல்கிறோமே, அவ்வளவுதான் இடம். அதற்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, உட்கார்ந்து சாப்பிட ஒரு மேசை எல்லாம் வர வேண்டும். நண்பன் எங்கிருந்தோ ஒரு ஜெர்மன் வரைபடத்தைக் கொண்டுவந்து, "இதையே போட்டுடு" என்றான். ஐரோப்பாவின் பெரிய வேன்களில் மிகப் பரவலாகக் காணப்படும் அமைப்பு அது. முன் இருக்கைகள் பின்பக்கமாகத் திரும்பும். அவற்றை ஒட்டி இரண்டு பேர் உட்காரும் பெஞ்சும் சின்ன மேசையும். பக்கவாட்டுக் கதவருகே சமையல் மேடை, அதற்கு எதிரே கழிப்பறை. பின்கோடியில் குறுக்காக ஓர் உயரக் கட்டில், அதன் அடியில் சாமான் வைக்கும் இடம்.

வரையத் தொடங்கியதும் மூன்று சிக்கல்கள் வந்தன. ஜெர்மனியில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவதால் பக்கவாட்டுக் கதவு வலப்பக்கம் இருக்கும். நம் வேனில் கதவு இடப்பக்கம். ஆகவே படம் முழுவதையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட வேண்டியிருந்தது. இரண்டாவது, அகலம். அந்த அமைப்பு பெரும்பாலும் ஃபியட் டுக்காட்டோ வேனுக்காக வரையப்படுவது. அதன் உள் அகலம் ஏறத்தாழ 1.87 மீட்டர் என்பதால் சராசரி உயரமுள்ள ஒருவர் குறுக்கே படுத்துவிடலாம். என் நண்பனின் உயரம் 1.78 மீட்டர். அவனுடைய வேனில் குறுக்கே படுத்தால் முழங்காலை மடக்க வேண்டும். மூன்றாவது சிக்கலை நான் கவனிக்கவே இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த அமைப்பை முதலில் யார் யோசித்தார்கள் என்று தேடப் போனேன். பொறியாளர்களுக்கு உள்ள ஒரு கெட்ட பழக்கம் இது. ஒரு திருகாணி ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதைக் கழற்ற மனம் வராது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் ரோமா மக்கள் குதிரை வண்டிகளில் குடும்பத்தோடு வாழத் தொடங்கினார்கள். வார்டோ என்பது அந்த வண்டியின் பெயர். அதன் உள்ளமைப்பு கிட்டத்தட்ட ஒரு சட்டம்போல எல்லா வண்டிகளிலும் ஒன்றாக இருந்தது. வாசல் முன்பக்கம். பின்கோடியில் குறுக்காகக் கட்டில். அடுப்பு எப்போதும் சாலையின் நடுவை நோக்கிய பக்கத்தில். ஏன்? வண்டி சாலையின் இடது ஓரமாகப் போகிறது, ஓரத்து மரங்களின் கிளைகள் இடப்பக்கக் கூரையில் உரசும். புகைபோக்கி அந்தப் பக்கம் இருந்தால் உடைந்துவிடும். அதனால் அடுப்பு வலப்பக்கம். வேனின் கதவுக்காக நான் படத்தைத் திருப்பிப் போட்டேனே, அதே காரணம்தான். வீட்டின் உள்ளே எது எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சாலை முடிவு செய்கிறது.

அந்தக் குறுக்குக் கட்டிலின் கீழே இன்னொரு படுக்கை இருந்தது. அங்கே பிள்ளைகள் படுத்தார்கள். இன்றைய வேன்களில் அந்த இடத்துக்கு 'கராஜ்' என்று பெயர். சைக்கிள் வைக்கிறார்கள்.

பிழைப்புக்கான வண்டி எப்படிப் பொழுதுபோக்கு வண்டியானது என்பதற்கு ஒரு தொடக்கப்புள்ளியாக 1885ஐச் சொல்வார்கள். கோர்டன் ஸ்டேபிள்ஸ் ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர். சிறுவர்களுக்கான சாகசக் கதைகள் எழுதியவர். ரோமாக்களின் வண்டிகளைப் பார்த்து ஆசைப்பட்டு, பிரிஸ்டலில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் தனக்கென ஒன்றைச் செய்துகொண்டார். 'வாண்டரர்' என்று பெயர் வைத்தார். ஏறத்தாழ 2 டன் எடை, இழுக்க இரண்டு குதிரைகள். முன்னால் அவருடைய கூடம், பின்னால் சமையலுக்கான சிறிய அறை. வேலையாள் அந்தச் சமையலறையில்தான் படுத்துக்கொள்வார். பகலில் அதே ஆள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய், எதிரே வருபவர்களுக்குப் பெரிய வண்டி வருகிறது என்று சொல்ல வேண்டும்.

ரோமா வண்டியில் குடும்பம் ஒரே அறையில் மேலும் கீழுமாகப் படுத்தது. வாண்டரரில் முதலாளிக்கும் வேலையாளுக்கும் நடுவே தடுப்பு வந்தது. வண்டியின் உள்ளமைப்பு என்பது வெறும் சென்டிமீட்டர் கணக்கு இல்லை என்று எனக்கு முதலில் உறைத்த இடம் இதுதான். யாருக்கு எங்கே படுக்கை என்று அந்தக் குடும்பமோ சமூகமோ முன்பே முடிவு செய்திருக்கிறது. தச்சர் அதற்குப் பலகை அடிக்கிறார், அவ்வளவே.

ஜெர்மனியின் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது. தெற்கே இஸ்னி என்ற ஊரில் ஆரிஸ்ட் டெத்லெஃப்ஸ் என்பவரின் குடும்பம் சாட்டையும் பனிச்சறுக்குக் கம்பும் செய்து விற்றது. வியாபாரத்துக்காக அவர் நாள்கணக்கில் ஊர் ஊராகச் சுற்ற வேண்டியிருந்தது. அவர் மணக்க இருந்த ஃபிரிடல் எடல்மன் ஓர் ஓவியர். கூடவே வர வேண்டும், போகும் இடத்தில் வரையவும் வேண்டும், அதற்கு ரோமாக்களின் வண்டி மாதிரி ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்பது அவருடைய விருப்பம். 1931இல் டெத்லெஃப்ஸ் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் ஒரு சிறு வீட்டைச் செய்தார். 'வீட்டுக்கார்' என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார். டெத்லெஃப்ஸ் என்ற பெயரில் இன்றும் நிறுவனம் இருக்கிறது. அழகான காதல் கதை, மறுக்கவில்லை.

அதற்கு ஐந்து வருடம் கழித்து, 1936 ஜூலை 16 அன்று, ஒலிம்பிக் தொடங்கும் முன் நகரைச் 'சுத்தம்' செய்ய பெர்லின் காவல்துறை ஏறத்தாழ 600 ரோமா, சின்ட்டி மக்களைப் பிடித்தது. சின்ட்டி என்பவர்கள் ஜெர்மனியில் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த அவர்களின் உறவினம். நகரின் கிழக்கு ஓரத்தில், மார்ஸான் என்ற இடத்தில், இடுகாட்டுக்கும் கழிவுநீர் நிலத்துக்கும் பக்கத்தில் அவர்களைக் கொண்டுபோய் விட்டார்கள். அந்த முகாமுக்கு அதிகாரிகள் பயன்படுத்திய சொல் 'ராஸ்ட்பிளாட்ஸ்'. தங்குமிடம், இளைப்பாறும் இடம் என்று அர்த்தம். ஜெர்மன் நெடுஞ்சாலைகளில் கேம்பர் வேன்கள் ஒதுங்கி நிற்கும் இடத்துக்கு இன்றும் அதே சொல்தான். மார்ஸானில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் 1943இல் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார்கள்.

போர் முடிந்தது. 1950இல் ஃபோக்ஸ்வாகன் தன் வேனைத் தயாரிக்கத் தொடங்கியது. அடுத்த வருடம், வண்டி செய்வதில் நூறு வருட அனுபவமுள்ள வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்கு 'கேம்பிங் பாக்ஸ்' என்ற கழற்றி மாட்டும் சாமான்களைச் செய்தது. பெஞ்சும் மேசையும் இரவில் கட்டிலாகும். வேனின் நீளம் நாலரை மீட்டர்கூட இல்லை. வாரநாளில் கடைச் சரக்கு ஏற்றலாம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாக்ஸை உள்ளே தூக்கி வைத்தால் வீடு. பொறியாளனாக எனக்கு இன்றும் மிகப் பிடித்த வடிவமைப்பு அது. ஒரே சதுர அடிக்கு இரண்டு வேலை.

ஆனால் அதே பத்தாண்டில், 1956இல், மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 1943க்கு முன்னால் ரோமாக்களுக்கு நடந்தது இனத் துன்புறுத்தல் இல்லை என்று தீர்ப்பளித்தது. இழப்பீடு கேட்டவர்களுக்குக் கதவு மூடப்பட்டது. அது இனப்படுகொலைதான் என்று அரசு ஒப்புக்கொள்ள 1982 ஆனது. இடைப்பட்ட காலத்தில், 1970களின் பிற்பகுதியில், வெஸ்ட்ஃபாலியா பெரிய வேன் ஒன்றைக் கேம்பராக்கியது. நிமிர்ந்து நிற்கும் உயரம், சமையல் மேடை, தனிக் கழிப்பறை எல்லாம் கொண்டது. இன்றைய பெரிய கேம்பர் வேன்களுக்கு அதுவும் ஒரு முன்னோடி. 'ஸ்வென் ஹெடின்' என்று பெயர் வைத்தார்கள். மத்திய ஆசியாவைச் சுற்றிய சுவீடன் நாட்டுப் பயணி அவர். ஹிட்லரின் ஆதரவாளர். 1936 பெர்லின் ஒலிம்பிக் அரங்கில் உரையாற்றியவர். மார்ஸானில் மக்களை அடைத்த அதே கோடையில்.

இதை யாரோ திட்டம் போட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அதுதான் விஷயம். தமிழிலும் 'நாடோடி' என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. பாட்டிலும் படத்திலும் வந்தால் கனவு. வீட்டுக்கு முன்னால் வந்து நின்றால் கேட்டைப் பூட்டுகிறோம்.

1999இலிருந்து ஜெர்மனியில் புதிதாகக் கார் உரிமம் எடுப்பவர்கள் 3.5 டன் வரைதான் ஓட்ட முடியும். அதற்கு முந்தைய உரிமத்தில் 7.5 டன் வரை ஓட்டலாம். ஆறு மீட்டர் வேனில் எல்லாவற்றையும் நெருக்கி வைக்கும் கலை இத்தனை தேர்ச்சி பெற்றதற்கு இந்த எடைக் கணக்கும் ஒரு காரணம். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. ஒரு கனத்த கதவு, ஒரு கூடுதல் அலமாரி என்று சேர்த்தால், ஏற்றிச் செல்ல வேண்டிய ஆளின் எடையில் கைவைக்க வேண்டிவரும். அப்போது முதலில் விடுபடுவது யார்?

இங்கேதான் அந்த மூன்றாவது சிக்கல். என் படத்தை முடித்து நண்பன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கட்டிலை நீளவாக்கில் திருப்பியிருந்தேன், அடியில் சாமான் வைக்க வசதியாகத் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில். அவனும் மனைவியும் தாராளமாகப் படுக்கலாம். அம்மாவுக்கு மேலே கூரையை ஒட்டி ஒரு மடக்குப் படுக்கை. அவனுடைய அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நான் எதுக்குய்யா, வீட்டப் பாத்துக்கிறேன். நீங்க போயிட்டு வாங்க" என்றார். கோபமெல்லாம் இல்லை. தேநீர் போட எழுந்து போய்விட்டார்.

எனக்கு என் பாட்டியின் லயத்து வீடு ஞாபகம் வந்தது. ஒரே அறை, பின்னால் அடுப்படி. அதில் எட்டுப் பேர் இருந்தார்கள். கட்டில் கிடையாது. காலையில் பாயைச் சுருட்டி மூலையில் சாய்த்துவிட்டால் அதே இடம் கூடம், பிள்ளைகள் படிக்கும் இடம், விருந்தாளி உட்காரும் இடம். தோட்டத்தை விற்றபோது மொத்த வீடும் ஒரே லோரியில் ஏறியது என்று பாட்டி சொல்லியிருக்கிறார். அந்தப் பயணத்துக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் அந்த அறையில் வயதானவருக்கு வாசலுக்குப் பக்கத்தில்தான் இடம், ராத்திரியில் எழுந்து போக வசதியாக. அதை யாரும் வரைந்து காட்டத் தேவைப்படவில்லை.

படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை முதல் கோட்டைக் கதவருகே போட்டேன். 45 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பெஞ்சு, பகலில் மூன்று பேர் உட்காரலாம், இரவில் இழுத்தால் அம்மாவின் படுக்கை. இரண்டு எட்டில் கழிப்பறை. கையால் பிடித்து எழ ஒரு கம்பி. மீதி இடத்தில் சமையல் மேடை சின்னதாகிவிட்டது, நண்பனின் கட்டில் மேலே போய்விட்டது. "நான் தினம் ஏணி ஏறணுமா?" என்று கேட்டான். ஏறு என்றேன்.

சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதிக்கான தாள்களைத் தயார்செய்கிறோம். அது எப்போது வரும் என்று தெரியாது. அவனுடைய அம்மா மட்டும் போன வாரம் கூப்பிட்டு, அந்தப் பெஞ்சுக்கு உறை தைக்க அளவு கேட்டார்.