சிகாகோ நகரத்துத் தீயும் நிலப் பதிவேடுகளும்

நிலமுடையார்க்கு அதன் பத்திரமே உயிரென்பதை நம் சங்கத்து அன்பர்கட்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அப்பத்திரங்களைப் பதிந்து வைத்த கச்சேரியே எரிந்தொழிந்தால் யாது செய்வது? அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்துக் குக் கவுண்டியில் அங்ஙனமே நேர்ந்தது.

1871-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் தேதி இரவு சிகாகோவில் மூண்ட பெருந்தீ, ஏறத்தாழ 300 உயிர்களைக் கொண்டது. லட்சம் பேர் வீடிழந்தனர். நியாயஸ்தலக் கட்டடமும் அதனுள்ளிருந்த நிலப் பதிவேடுகளும் சாம்பராயின. வீடிழந்தான் எஞ்சிய மனையையும் தனதென்று நாட்ட வழியின்றி நின்றான்.

எனினும், பதிவேடுகளை ஆராய்ந்து மனைதோறும் உரிமைவழியைச் சுருக்கியெழுதி, வேண்டுவோர்க்குக் கூலிக்கு அளிக்கும் மூன்று கம்பெனியார் அந்நகரில் இருந்தனர். தீ நெருங்கவே, தம் ஏடுகளில் இயன்றவற்றை எடுத்துக்கொண்டு அவர்கள் ஓடினர். ஒருவர் இழந்தது மற்றவரிடம் இருந்தது! மூவரும் அவற்றை ஒன்றுசேர்த்தனர். 1872-இல் மாகாணச் சட்டசபையும் அச்சுருக்கங்களை நியாயஸ்தலத்திற் சான்றாகக் கொள்ளலாமெனச் சட்டஞ் செய்தது. சர்க்கார் ஏடு அழிய, கூலிக்கெழுதிய ஏடு ஊரைக் காத்தது.

நம் பிள்ளைகளிற் சிலர் ஆண்டு மனை வாங்குதலின் இதனையும் குறிக்கின்றோம். 2020 டிசம்பர் முதல் அப்பதிவுவேலை கவுண்டி கிளார்க் கச்சேரியைச் சேர்ந்தது. மனையின் 14 இலக்க எண்ணைக் குறித்துக் கேட்பின் ஆவணம் எளிதிற் கிட்டும். இன்றேல் விற்றோர், வாங்கினோர் பெயர்வழித் தேடல்வேண்டும். நம்மூரில் வில்லங்கம் பார்ப்பார் அறியாத முறையன்று இது. தீக்கு முற்பட்ட அச்சுருக்க ஏடுகளோ, பிற்காலத்துச் சிகாகோ டைட்டில் அண்டு டிரஸ்ட் கம்பெனி வசமாயின.