கான்பூரில் ஒரு மதராஸ் பாட்டி

2002 ஜூலையில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தல் நினைவிருக்கிறதா? ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம் ஜெயித்த தேர்தல். வடக்கே வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட நம்மவர்கள் எல்லோரும் அன்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஆபீஸ் போனோம். அவரை எதிர்த்து நின்றவரும் மதராஸில் பிறந்தவர்தான் என்பது பலருக்கு உறைக்கவே இல்லை. வாக்கு மதிப்பில் கலாமுக்கு 9,22,884. எதிர்த்து நின்றவருக்கு 1,07,366.

இடதுசாரிக் கட்சிகள் நிறுத்திய அந்த வேட்பாளருக்கு அப்போது வயது 87. கான்பூரில் கிளினிக் வைத்திருந்த மகப்பேறு மருத்துவர். இரண்டு பெண்களுக்கு அம்மா. சினிமா எடுத்த பேரனுக்குப் பாட்டி. பெயர் லட்சுமி சேகல். கேப்டன் லட்சுமி என்றால் சட்டென்று தெரியும்.

நேதாஜி படத்துக்குப் பக்கத்தில் ராணுவ உடுப்போடு நிற்கும் இளம்பெண்ணாகத்தான் நமக்கு அவரைத் தெரியும். பாடப்புத்தகமும் அத்தோடு நிறுத்திவிடும். ஆனால் அந்த உடுப்பை அவர் போட்டிருந்தது சுமார் இரண்டு வருஷம்தான். அதற்குப் பிறகு கான்பூரில் 65 வருஷம் வாழ்ந்தார். நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு அந்த 65 வருஷத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அம்மாவின் அம்மா

லட்சுமியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவருடைய தாயார் அம்மு சுவாமிநாதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1894-ல் பிறந்தவர், பாலக்காட்டுப் பக்கம் ஆனக்கரையில் ஒரு நாயர் குடும்பம். பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் இல்லை. சிறுவயதிலேயே சுவாமிநாதன் என்ற தமிழ் பிராமண வக்கீலுக்கு மணமுடித்து மதராஸ் வந்தார். கணவர் அவரைவிட மிகவும் மூத்தவர். ஆங்கிலம் உட்பட எல்லாம் வீட்டிலேயே கற்றுக்கொண்டதுதான்.

அந்த அம்மு 1917-ல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். பிறகு காங்கிரஸ், வெள்ளையனே வெளியேறு இயக்கம், வேலூர்ச் சிறை. நமது அரசியல் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் இருந்த விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்களில் அவரும் ஒருவர். 1952-ல் திண்டுக்கல்லில் இருந்து முதல் மக்களவைக்குப் போனார்.

இவருக்கு 1914 அக்டோபர் 24 அன்று பிறந்த மகள் லட்சுமி. தங்கை மிருணாளினி நடனம் கற்று, விக்ரம் சாராபாயை மணந்து அகமதாபாத் போய் அங்கே 'தர்ப்பணா'வைத் தொடங்கினார். அண்ணன் கோவிந்த் சுவாமிநாதன் மதராஸ் அரசின் அட்வகேட் ஜெனரல் ஆனார். ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஆளுக்கு ஒரு ஊர்! நம் வீடுகளில் இப்போது நடப்பது அந்த வீட்டில் அப்போதே நடந்துவிட்டது :-)

சின்ன வயதில் லீவுக்கு ஆனக்கரை போகும்போது, காட்டுப் பக்கம் குரல் கொடுக்கிறவர்களைப் பற்றி, அவர்கள் நிழல் பட்டாலே தீட்டு என்பாராம் லட்சுமியின் பாட்டி. ஒருநாள் அந்தப் பழங்குடிச் சிறுமி ஒருத்தியின் கையைப் பிடித்து விளையாட அழைத்து வந்துவிட்டாள் பேத்தி. பாட்டிக்குக் கோபம், பேத்திக்கும் கோபம். கடைசியில் ஜெயித்தது பேத்திதான்.

சிங்கப்பூர்

மதராஸ் மருத்துவக் கல்லூரியில் 1938-ல் எம்.பி.பி.எஸ். முடித்தார். அடுத்து மகப்பேறு மருத்துவத்தில் டிப்ளமோ. திருவல்லிக்கேணி ஆஸ்பத்திரியில் வேலை. நடுவில் ஒரு கல்யாணம், அது நிலைக்கவில்லை. 1940-ல் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். அங்கே ஏழைகளுக்கென்று ஒரு கிளினிக் ஆரம்பித்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியாவில் இருந்து கூலி வேலைக்குப் போனவர்கள்.

அவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்தில் இருந்து கங்காணி கூட்டிப்போக, மலாயாவில் பால்மரம் வெட்டப் போனவர்கள். லயத்து வீடு, காலைப் பிரட்டு, துரை, கிராணி என்று ஒரு தனி உலகம்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மதராஸுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே தபால் கிடையாது. அந்த வருஷம் அம்மா மதராஸில் வெள்ளைக்காரனை எதிர்த்துக்கொண்டிருந்தார். மகள் சிங்கப்பூரில் காயம்பட்ட போர்க்கைதிகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

1943 ஜூலை 2 அன்று சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். ஒரு வாரத்துக்குள் பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் அறிவித்தார். லட்சுமி உடனே ஒரு சிறு குழுவைச் சேர்த்தார். புடவை கட்டியபடியே துப்பாக்கி பிடிக்கப் பழகி ஜூலை 12 அன்று போஸுக்கு அணிவகுப்பு மரியாதை கொடுத்தார்கள். அக்டோபர் 21 அன்று அறிவிக்கப்பட்ட சுதந்திர இந்தியத் தற்காலிக அரசின் அமைச்சரவையில் ஒரே பெண் லட்சுமி. மறுநாள், அக்டோபர் 22, ஜான்சி ராணிப் படையின் முகாம் திறக்கப்பட்டது. அவரே தளபதி. பிறகு பதவி உயர்ந்தாலும் 'கேப்டன்' என்ற பெயர்தான் ஒட்டிக்கொண்டது.

படையில் சேர்ந்தவர்களில் மிகப் பலர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். மலாயாவிலேயே பிறந்தவர்கள், இந்தியாவை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள். பார்க்காத ஊருக்காகத் துப்பாக்கி தூக்கினார்கள். படையின் பொதுமொழி இந்துஸ்தானி, ரோமன் எழுத்தில் எழுதப்பட்டது. வடக்கே வந்த புதிதில் காய்கறிக்காரரிடம் 'கித்னா, கித்னா' என்று தடுமாறிய நம் வீட்டு அம்மாக்களுக்கு, அந்தப் பெண்கள் இந்துஸ்தானியில் கவாத்து கற்றுக்கொண்டது எப்படி இருந்திருக்கும் என்று புரியும்.

இதில் ஒரு நெருடலும் உண்டு, அதைச் சொல்லாமல் போகக்கூடாது. அதே 1943 அக்டோபரில்தான் சயாம்-பர்மா ரயில் பாதை முடிந்தது. ஜப்பானிய ராணுவம் போட்ட பாதை. மலாயாத் தோட்டங்களில் இருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அங்கே காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். போஸின் படைக்குத் துணை நின்றதும் அதே ஜப்பான்தான். ஒரே தோட்டத்தில் அண்ணன் ரயில் பாதைக்கும் தங்கை ராணிப் படைக்கும் போயிருக்க முடியும். இது இரண்டும் சேர்ந்ததுதான் நம் மக்களின் சரித்திரம்.

படையின் ஒரு பகுதி 1944-ல் பர்மா போனது. ரங்கூன், பிறகு மேமியோ. போர்முனையில் சுட வாய்ப்பு வரவில்லை. இம்பாலில் இருந்து குற்றுயிராகத் திரும்பி வந்த வீரர்களைக் கவனிக்கும் வேலை வந்தது. 1945 மே மாதம் லட்சுமி பிரிட்டிஷாரிடம் பிடிபட்டார். 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

தளபதியின் பெயர் நமக்குத் தெரிகிறது. வக்கீல் வீட்டுப் பெண், டாக்டர், ஆங்கிலம் தெரிந்தவர், 1997-ல் அவருடைய நினைவுக் குறிப்புகள் புத்தகமாகவும் வந்தன. அவருக்கு அடுத்த நிலையில் இருந்த கோலாலம்பூர் ஜானகி, பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன், மலாயா இந்தியர் காங்கிரஸின் தொடக்கத்தில் இருந்தவர், பத்மஸ்ரீ பெற்றவர். அவரையும் தெரியும். பால்மரம் வெட்டப் போன வீட்டில் இருந்து வந்த பெண்களின் பெயர்கள்? பெரும்பாலும் காணோம்.

கான்பூர்

செங்கோட்டை விசாரணையில் நின்ற மூவரில் ஒருவர் பிரேம் குமார் சேகல். 1947 மார்ச்சில் லாகூரில் அவருக்கும் லட்சுமிக்கும் திருமணம். ஐந்தே மாதத்தில் லாகூர் வேறு நாடாகிவிட்டது. இருவரும் கான்பூரில் குடியேறினார்கள். பிரேமுக்கு அங்கே மில்லில் வேலை.

கான்பூர் அப்போது வடக்கின் பெரிய ஆலை நகரம். பிரிவினையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த அகதிகள் வந்து இறங்கினார்கள். லட்சுமி தன் தொழிலை அவர்களிடம் இருந்துதான் தொடங்கினார். இந்துவும் முஸ்லிமும் ஒருவரை ஒருவர் நம்பாத அந்த நாளில் இரண்டு பக்கத்துப் பெண்களும் பிரசவத்துக்கு நம்பி வந்தது இந்த மதராஸ் டாக்டரிடம்.

இன்னொரு பொருத்தம் பாருங்கள். ஜான்சி ராணி லட்சுமிபாய் சிறுமியாக வளர்ந்த பிட்டூர், கான்பூருக்குப் பக்கத்தில் கங்கைக் கரையில் இருக்கிறது. அவர் பெயரில் கடல் கடந்து படை நடத்திய இன்னொரு லட்சுமி, கடைசியில் அதே மண்ணில் வந்து குடியேறியிருக்கிறார்.

சுபாஷினி, அனிசா என்று இரண்டு பெண்கள். வளர்த்தார், படிக்க வைத்தார், கூடவே கிளினிக். மூத்தவர் சுபாஷினி இடதுசாரி இயக்கத்தில் சேர்ந்தார். 1971-ல் வங்கதேச அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தபோது, டாக்டர்கள் வேண்டும் என்று ஜோதி பாசு கேட்டுக்கொண்டார். லட்சுமி மருந்தோடு எல்லையில் இருந்த போன்காவ்ன் முகாமுக்குப் போனார். அதன் பிறகு மகள் இருந்த மார்க்சிஸ்ட் கட்சியிலேயே தானும் சேர்ந்தார். பெண்ணைப் பார்த்து அம்மா பாதை மாறுவது நம் வீடுகளில் அடிக்கடி நடப்பதில்லை.

1981-ல் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் தொடங்கியபோது அதன் நிறுவனர்களில் ஒருவர். 1984-ல் இந்திரா காந்தி கொலைக்குப் பிறகு சீக்கியர்களைத் தாக்கக் கும்பல்கள் கிளம்பின. கான்பூரும் தப்பவில்லை. எழுபது வயது லட்சுமி தெருவில் இறங்கி நின்றார். அவருடைய கிளினிக்கைச் சுற்றி இருந்த நெரிசலான பகுதியில் ஒரு சீக்கியர் மீதும், ஒரு சீக்கியர் கடை மீதும் கை வைக்க விடவில்லை. அடுத்த மாதமே போபால் விஷவாயு. மருத்துவக் குழுவோடு அங்கே போனார். வாயு தாக்கிய கர்ப்பிணிகளுக்குப் பிறகு என்ன ஆனது என்பதையும் தொடர்ந்து கவனித்தார்.

யோசித்துப் பாருங்கள். அவர் அந்த ஊர்க்காரர் இல்லை, அந்த மொழிக்காரர் இல்லை. "நமக்கு எதுக்கு வம்பு, நாம வெளியூர்க்காரங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நாம் எத்தனை முறை அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறோம்! பிள்ளைகள் காதில் விழும்படியும் சொல்லியிருக்கிறோம். பிழைக்க வந்த இடத்தில் வாடகைதாரர் மாதிரி இருந்துவிட்டுப் போகலாம். அந்த ஊரின் நல்லது கெட்டதில் பொறுப்பெடுத்துக்கொண்டும் இருக்கலாம். அவர் இரண்டாவதைச் செய்தார்.

அதற்காக மதராஸை மறந்தார் என்றும் சொல்ல முடியாது. அந்தக் குடும்பத்துக்கும் நமக்கும் உள்ள தொடர்பு வேடிக்கையாக வேறு வழியிலும் வந்தது. சுபாஷினியின் மகன் ஷாத் அலி மணிரத்னத்திடம் உதவி இயக்குநராக இருந்தவர். 'அலைபாயுதே'வை 'சாத்தியா' என்று இந்தியில் எடுத்தார். படம் வெளிவந்தது 2002 டிசம்பரில், பாட்டி தேர்தலில் நின்ற அதே வருஷம்.

தேர்தலில் தோற்ற பிறகு கான்பூர் கிளினிக்குக்கே திரும்பினார். 1998-ல் பத்ம விபூஷண் வாங்கியவர், 92 வயதிலும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2012 ஜூலை 23 அன்று, 97 வயதில், கான்பூரிலேயே காலமானார். உடலை அங்குள்ள கணேஷ் சங்கர் வித்யார்த்தி மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த ஒரு பெண், கடைசியில் கான்பூர் மாணவர்களுக்குப் பாடமானார்.

ஒரே ஒரு வேண்டுகோள். மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போய்த் திரும்பிய பெண்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. 1943-ல் பதினாறு பதினேழு வயதில் இருந்தவர்களில் இன்று அநேகமாக யாரும் இல்லை. அவர்களுடைய மகள்களும் மருமகள்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் எழுபது எண்பது ஆகிறது. பாட்டி எந்தத் தோட்டத்தில் இருந்தார், எந்தக் கப்பலில் வந்தார், யாரோடு வந்தார் என்று அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது கேட்டு, பெயரோடும் வருஷத்தோடும் எழுதி வையுங்கள். தளபதியின் கதையை எழுதிவைக்க ஆள் இருந்தது. மற்றவர்கள் கதைக்கு நம்மை விட்டால் யாரும் இல்லை.