வேலை போனால் வீடும் போகும்: ஒரு பலகை வீட்டின் வரலாறு



அரசு ஊழியர்களுக்கு 60 வயது வரை பணியாற்ற வாய்ப்பிருக்க, நான் 2022ஆம் ஆண்டு, 54ஆம் வயதில், விருப்ப ஓய்வு பெற்றேன். "இனி என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டவர்களிடம், கூலாயில் இருக்கும் அப்பாவின் பழைய வீட்டைப் பழுதுபார்க்கப் போவதாகச் சொன்னேன். பலர் சிரித்தனர். என் அக்காள் சிரிக்கவில்லை. "அந்த வீட்டை இடித்துவிட்டு நிலத்தை விற்றால் நம் இருவர் பிள்ளைகளுக்கும் உதவும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த வீட்டில் எனக்கு எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவு உரிமை அவருக்கும் உண்டு.

அப்பா 2009இல் மறைந்த பிறகு அங்கே யாரும் நிலையாகக் குடியிருக்கவில்லை. தகரக் கூரையில் துருவேறி ஓட்டை விழுந்திருந்தது. பின்கட்டுத் தூண்கள் இரண்டைக் கரையான் அரித்து உள்ளீடற்றதாக்கியிருந்தது. மின்கம்பிகளைத் தொடவே அச்சமாக இருந்தது. நான் அழைத்து வந்த முதிய சீனத் தச்சர் தூண்களை உளியின் பிடியால் தட்டிப் பார்த்துவிட்டு, "சிக்கு, இடித்துவிட்டால் செலவு குறைவு" என்றார். ஆயினும் வேலையைத் தொடங்கினோம். அடுத்த 11 மாதங்களில் நான் அறிந்துகொண்ட செய்திகள், 30 ஆண்டுகள் பாடநூலைக் கையில் வைத்திருந்தும் நான் அறியாதவை. அவற்றையே இங்குப் பதிவு செய்ய விழைகிறேன்.

சுவரின் உள்ளே இருந்த செய்தித்தாள்கள்

வீடு இடுப்பளவு செங்கற்சுவரும் அதன்மேல் பலகையும் கொண்டது. பலகைகளின் இடுக்கு வழியே காற்றும் சாரலும் புகாமல் இருக்க, கோதுமை மாவுப் பசையால் உட்புறம் செய்தித்தாள் ஒட்டி, அதன்மேல் சாயம் பூசுவது அக்காலத்து வழக்கம். சாயத்தைச் சுரண்டியபோது முதலில் 'தமிழ் நேசன்' தாள்கள் தென்பட்டன. 1924இல் தொடங்கி 2019 வரை வெளிவந்த அந்த நாளிதழை அப்பா நாள்தோறும் வாங்குவார். அதன் கீழே இன்னோர் அடுக்கு இருந்தது. அவை சீனச் செய்தித்தாள்கள். தச்சர் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு ஒரு மூலையைப் படித்துவிட்டு, "1953" என்றார்.

அந்த ஓர் எண்ணே எனக்கு முதல் பாடமாயிற்று. அப்பா அந்த வீட்டை ஒரு சீனக் குடும்பத்தாரிடமிருந்து 1974இல் வாங்கினார் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் எப்படி அங்கே வந்தார்கள் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரகாலம் நிலவியது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவும் செய்தியும் கிடைக்காதவாறு தடுக்க, லெப்டினன்ட் ஜெனரல் சர் ஹரால்ட் பிரிக்ஸ் 1950இல் ஒரு திட்டம் வகுத்தார். காட்டோரங்களில் நிலவுரிமையின்றிப் பயிரிட்டு வாழ்ந்த மக்களை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றுவதே அத்திட்டம். அப்பணி ஜொகூரிலிருந்து தொடங்கியது. நாடு முழுவதும் ஏறத்தாழ 480 புதுக்கிராமங்களில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியேற்றப்பட்டனர். கூலாய், செனாய், சாலெங், கெலாப்பா சாவிட் எனப் பேருந்தில் போகும்போது நாம் சாதாரணமாகச் சொல்லும் பெயர்களுக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. குடியேற்றப்பட்டோர் பலருக்குத் தொடக்கத்தில் கிடைத்தது தற்காலிகக் குடியிருப்பு அனுமதி மட்டுமே. நெடுங்காலக் குத்தகைப் பட்டா பின்னரே வழங்கப்பட்டது.

தச்சரும் அப்படி ஒரு கிராமத்தில் வளர்ந்தவர். ஊரடங்கு வேளையில் வேலிக் கதவு மூடப்படும் ஓசை இன்னும் காதில் இருப்பதாகச் சொன்னார். அன்று முதல் அவர் இடிப்பதைப் பற்றிப் பேசவில்லை.

அதற்கு முன்பு: லயத்து வீடு

அப்பா 1936இல் கூலாய்க்கு அருகிலுள்ள ஒரு ரப்பர் தோட்டத்தின் லயத்தில் பிறந்தவர். நானும் அதே லயத்தில்தான் பிறந்தேன். ஆறு வயது வரை அங்கே வாழ்ந்த நினைவு எனக்கு உண்டு.

கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை 1909இல் நிறைவடைந்தது. ரப்பர் விலை உச்சத்தில் இருந்த காலம் அது. பாதையின் இருமருங்கும் காடுகள் தோட்டங்களாயின. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் சட்டப்படி நிறுத்தப்பட்ட பின்னர், கங்காணிகள் வழியாகத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் சேர்த்தனர். இந்திய அரசு 1938இல் தடை விதிக்கும் வரை அது நீடித்தது. வந்தவர்களைக் குடியமர்த்த எழுப்பப்பட்டவையே லயங்கள். நீண்ட ஒரே கூரை, வரிசையாக அறைகள், முன்னால் ஒரு தாழ்வாரம். ஓர் அறை ஒரு குடும்பத்துக்கு. அடுத்த அறையில் குழந்தை இருமினால் இந்த அறையில் கேட்கும்.

லயத்து வாழ்வைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அறையின் சிறுமையையும் தண்ணீர்க் குழாயடியில் நின்ற வரிசையையும் சொல்கிறோம். அவற்றைவிட முதன்மையான ஒன்றை நான் இந்த வயதில்தான் உணர்ந்தேன். லயத்து அறைக்கு வாடகை இல்லை. அதற்கு விலை, வேலை. தோட்டத்தில் பெயர் இருக்கும் வரை அறை உண்டு. பெயர் நீங்கினால் அறையும் நீங்கும். நோயுற்றவர், முதியவர், கணவனை இழந்தவர் ஆகிய அனைவரையும் இந்த விதி பிடித்தது.

என் தாத்தா ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர். தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற பல்லாயிரம் தமிழர்கள் திரும்பவில்லை. தாத்தாவும் திரும்பவில்லை. போர் முடிந்து தோட்டம் மீண்டும் இயங்கத் தொடங்கியபோது, மூன்று பிள்ளைகளோடு இருந்த பாட்டி மறுவாரமே பால்மரம் வெட்டப் போனதாக அப்பா சொல்வார். "துக்கம் காக்கவாவது உட்கார்ந்திருக்கக் கூடாதா?" என்று சிறுவயதில் நான் கேட்டேன். "உட்கார்ந்தால் எங்கே உட்காருவது?" என்று அப்பா பதில் சொன்னார். அதன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. மரம் வெட்டினால்தான் பாட்டிக்கு அறை. அறை இருந்தால்தான் பிள்ளைகளுக்குக் கூரை.

1950இல், தம் பதினான்காம் வயதில், அப்பாவும் மரம் வெட்டத் தொடங்கினார். அவசரகாலத்தில் தோட்டத் தொழிலாளர்களையும் விட்டுவைக்கவில்லை. சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் திரட்டப்பட்டு வேலியிடப்பட்டன. காலையில் வேலைக்குப் போவோரைச் சோதித்து, உணவு வெளியே போகாமல் தடுத்தனர். அந்த வேலிக்குள் அப்பாவும், சில கல் தொலைவில் இன்னொரு வேலிக்குள் என் தச்சரும் வளர்ந்திருக்கிறார்கள். இருவரும் ஒருவரையொருவர் அறியார்.

வீடு வாங்கத் துணிந்த காலம்

1950களில் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டம் துண்டானபோது வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. இதைக் கண்டே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளர்களின் பங்குப் பணத்தைக் கொண்டு தோட்டங்களை வாங்க வழிசெய்தார். கூலிக்காரர் என்று அழைக்கப்பட்டவர்கள் தோட்டத்தில் பங்குடையவர்கள் ஆனார்கள். எனினும் எல்லாத் தோட்டங்களையும் அச்சங்கத்தால் காப்பாற்ற இயலவில்லை.

அடுத்த அடி 1969இல் விழுந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் வேலையிழந்து கப்பலேறினர். எங்கள் லயத்திலும் அடுத்தடுத்த அறைகள் காலியாயின. அப்பாவிடம் நீல அட்டை இருந்தது. ஆயினும் அன்று முதல் அவருக்கு உறக்கம் போயிற்று என்று அம்மா சொல்வார். கூட்டுப் பணம் கட்டினார். அம்மாவின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூலாய்ச் சந்தையில் மூட்டை தூக்கினார். 1974இல் இந்தப் பலகை வீட்டை வாங்கினார். நிலத்தின் 'கெரான்' அவர் பெயருக்கு மாறிய நாளில், அதை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லி அக்காளிடம் கொடுத்தார்.

அப்பா 1991இல் 55 வயதில் ஓய்வு பெற்றபோது, அவரோடு ஓய்வு பெற்றவர்கள் அறையைக் காலி செய்துவிட்டுப் பிள்ளைகளின் அடுக்குமாடி வீடுகளைத் தேடிப் போனார்கள். அப்பா சைக்கிளில் ஏறித் தம் சொந்த வீட்டுக்கு வந்தார். தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரம் பற்றி 1966இலும் 1990இலும் சட்டங்கள் வந்தது உண்மை. அவை கூரை, குடிநீர், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றைப் பற்றிப் பேசின. வேலை முடிந்த பின் தொழிலாளி எங்கே போவான் என்ற கேள்வி அப்படியே நின்றது. விருப்பப்பட்டு முன்கூட்டியே ஓய்வு பெறும் உரிமை எனக்குக் கிடைத்தது. என் பாட்டிக்கு ஓய்வு என்பதே அச்சமாக இருந்தது. நடுவில் இருப்பது இந்த வீடு.

பழுதுபார்த்த விதம்

அக்காளை வீட்டுக்கு வரவழைத்து, சுரண்டிய சுவரைக் காட்டினேன். இரண்டு அடுக்குச் செய்தித்தாள்களையும் பார்த்தார். சமையலறைத் தூணில் எங்கள் இருவர் உயரத்தையும் அப்பா ஆண்டுதோறும் பென்சிலால் குறித்திருந்த கோடுகளையும் பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை. பின்னர், "அந்தத் தூணை மட்டும் மாற்றாதே" என்றார். விற்பனைப் பேச்சு அத்துடன் நின்றது.

இதே பணியில் இறங்க எண்ணும் பெற்றோருக்காகச் சில குறிப்புகள்:

முதலில் கூரை. கூரை ஒழுகும் வரை உள்ளே செய்யும் எந்த வேலையும் வீண். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கும் முன்னரே அதை முடித்துவிட வேண்டும்.

அடுத்து ஈரம். பழைய செங்கற்சுவரின்மேல் யாரோ பின்னாளில் கெட்டியாகச் சிமெண்டு பூசியிருந்தார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பலகையின் அடிப்பகுதி மக்கிப் போயிருந்தது. அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசினோம். சுவர் காய மூன்று மாதம் பிடித்தது.

பின்கட்டுக் கூரையில் இருந்தவை அஸ்பெஸ்டாஸ் தகடுகள். அவற்றை உடைப்பதோ காய்ந்த நிலையில் அறுப்பதோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். உரிமம் பெற்றவர்களை அழைத்து, நனைத்து, முழுத் தகடாகவே இறக்கச் செய்தோம்.

மின்கம்பிகளை முழுமையாக மாற்றினோம். அரிக்கப்பட்ட தூண்கள் இரண்டையும் வேறொரு பழைய வீட்டிலிருந்து கிடைத்த முற்றிய மரத்தால் மாற்றினோம். செய்தித்தாள் அடுக்குகளில் ஒரு சாண் அகலத்தை மட்டும் சுரண்டாமல் விட்டு, கண்ணாடி பொருத்தியிருக்கிறோம்.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

கூலாய் இன்று விரைவாக மாறிவருகிறது. எண்ணெய்ப்பனை நின்ற இடத்தில் இந்தாபுரா நகரம் எழுந்துள்ளது. 2011இல் பெரிய விற்பனை வளாகம் வந்தது. செடெனாக்கில் தரவு மையங்கள் எழுகின்றன. நான் பிறந்த லயம் இருந்த இடத்தைச் சுட்டிக்காட்ட இப்போது ஒரு மரம்கூட இல்லை. மாற்றத்தை நான் குறை கூறவில்லை. என் மாணவர்களின் பெற்றோர் பலர் அந்தத் தொழிற்சாலைகளில்தான் உழைக்கிறார்கள். ஆனால் லயங்கள் நம் கைகளில் பட்டாவாக இருந்ததில்லை. ஆகவே அவற்றை இடிக்கும்போது நம்மை யாரும் கேட்கவில்லை. அவற்றின் வரலாற்றை எழுதிவைக்கும் பொறுப்பாவது நம்மிடம் இருக்கிறது.

2014 முதல் தொடக்கப்பள்ளி நான்காம் ஆண்டில் வரலாறு தனிப்பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. தன்னையும் குடும்பத்தையும் வாழிடத்தையும் அறிவதிலிருந்தே அப்பாடம் தொடங்குகிறது. ஆசிரியர் நண்பர்கள் அந்த அலகை நடத்தும்போது மாணவர்களை மூன்று கேள்விகளோடு வீட்டுக்கு அனுப்புங்கள். நம் தாத்தா பாட்டி எந்த வீட்டில் பிறந்தார்கள்? அந்த வீடு யாருக்குச் சொந்தமாக இருந்தது? அங்கிருந்து ஏன் வெளியேறினார்கள்? பெற்றோர்களே, பிள்ளை இக்கேள்விகளோடு வரும்போது தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் இன்னும் உயிரோடிருக்கும் மூத்தவரைத் தொலைபேசியில் அழையுங்கள்.

கடந்த பள்ளி விடுமுறையில் அக்காளின் பேரப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். சமையலறைத் தூணில் அப்பாவின் கோடுகளுக்குப் பக்கத்தில் அவர்களின் உயரத்தையும் குறித்தோம். கடைசிச் சிறுவனுக்குக் கோடு போட்டபோது தச்சரும் தேநீர்க் கோப்பையோடு அருகில் நின்றார். பென்சில் கூர்மையாக இல்லை என்று சொல்லி, தம் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தார்.